கோப்பை வேறு, புகார் வேறு

“பொண்ணு ஆபீசர் ஆவட்டும், வேணாங்கல. ஆனா அங்க பார்ட்டி கீர்ட்டின்னு ஊத்திக் குடுப்பாங்களாமே டீச்சர்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருகிட்டப் போயி நிக்கிறது?”

ஒரத்தநாடு பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டது இது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கினால்தான் எடை போடுவார்கள் என்று, களத்தில் பரப்பிய நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே கேட்டார். அவர் மகள் தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் மகளிர் கல்லூரியில் என் கேடட். நான் அங்கே வரலாறு நடத்துகிறேன், என்.சி.சி.யையும் கவனிக்கிறேன். அந்தப் பெண் ‘சி’ சான்றிதழ் வாங்கிவிட்டாள். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம். தேறினால் சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி. 1992-லிருந்து பெண்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

டெல்டாவில் இந்த ஆசை இப்போது நிறைய வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, புனே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் கதவும் பெண்களுக்குத் திறந்தது. 2022 ஆகஸ்டில் 19 பேர் சேர்ந்தார்கள். 2025 மே மாதம் 17 பேர் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளும் வந்து விசாரிக்கிறார்கள். விடியும் முன்பே அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெண்களில் பாதிப் பேருக்குச் சீருடைக் கனவுதான். வல்லத்துப் பக்கம் வானத்தில் சுகோய் இரையும்போது நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடுகிறார்கள்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, தைரியமா அனுப்புங்க” என்று அந்தத் தகப்பனாரிடம் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. விதிகள் இருக்கின்றன, அவற்றில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் குடி. என்.சி.சி. முகாமிலும் கடக்வாஸ்லாவிலும் கேடட்டுக்கு மது கிடையாது. மாட்டினால், குற்றத்தைப் பொறுத்து, ஒரு டெர்ம் பின்னுக்குத் தள்ளுவதிலிருந்து மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புவது வரை போகலாம். பின்னுக்குத் தள்ளுவதைப் பிள்ளைகள் ‘ரெலிகேட் ஆகிட்டான்’ என்பார்கள். கூடச் சேர்ந்தவர்கள் தோளில் நட்சத்திரம் குத்தும் நாளில் இவன் இன்னும் ஆறு மாதம் கேடட்டாகவே நிற்க வேண்டும். அந்தப் பயம் சாதாரணப் பயம் இல்லை.

பயிற்சி முடித்து அதிகாரியாகிவிட்டால் நிலைமை மாறுகிறது. மெஸ்ஸில் பார் உண்டு, விருந்து உண்டு, குடிப்பதற்குத் தடையில்லை. ஆனால் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 48-வது பிரிவு, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படுவதே குற்றம் என்கிறது. விமானப்படைச் சட்டத்திலும் அதே எண்ணில் அதே குற்றம். அதிகாரியாக இருந்தால் பதவியே போகலாம். ஊற்றிக் கொடுப்பதும் அந்த மெஸ்தான், தண்டிப்பதும் அந்தப் படைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

2021 செப்டம்பர். கோயம்புத்தூர் ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் விமானப்படை நிர்வாகக் கல்லூரி. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் அதிகாரி, கூடப் பயிற்சியில் இருந்த ஃபிளைட் லெஃப்டினன்ட் ஒருவர் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். விளையாடும்போது காலில் அடிபட்டதற்கு மாத்திரை போட்டிருந்தார். அன்று இரவு மெஸ்ஸில் நண்பர்களோடு மது அருந்தினார். உடம்பு முடியாமல் அறையில் போய்ப் படுத்தார். அந்த நிலையில் இருந்தபோதுதான் அது நடந்தது என்பது புகார். முதலில் கல்லூரியில்தான் முறையிட்டார். புகாரை எழுத்தில் திரும்பப் பெறச் சொல்லி நெருக்கினார்கள் என்றும், உச்ச நீதிமன்றம் 2013-லேயே கூடாது என்று தீர்ப்பளித்த இரு விரல் சோதனை தனக்குச் செய்யப்பட்டது என்றும் சொல்லி, பிறகு அவர் கோவை போலீசாரிடம் போனார். அப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லை என்று விமானப்படைத் தளபதி மறுத்தார். புகாருக்கு ஆளான ஃபிளைட் லெஃப்டினன்டைப் போலீசார் கைது செய்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே கோவை நீதிமன்றம் வழக்கை விமானப்படையிடம் ஒப்படைத்தது, கோர்ட் மார்ஷல் என்கிற படை நீதிமன்ற விசாரணைக்காக.

ஏன் ஒப்படைத்தது? படைக்கு வெளியே இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது நடந்தால், உள்நாட்டில், போர்க்களம் அல்லாத இடத்தில், சாதாரண நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும். இரண்டு பேரும் படைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களாக இருந்தால் கோர்ட் மார்ஷல் எடுத்துக்கொள்ளலாம். என் என்.சி.சி. பிள்ளைகள் ராணுவச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்கு ஊர் போலீஸ் ஸ்டேஷன்தான். அதிகாரியான மறுநாள் அதே பிள்ளைக்கு வேறு வாசல். இந்த வித்தியாசம் தெரியாமலே எத்தனையோ பெற்றோர் பிள்ளையை ரயிலேற்றி அனுப்புகிறார்கள்.

அந்தக் கோவைச் செய்தியில் என்னைத் தூங்கவிடாத வரி, அந்தப் பெண் அதிகாரி குடித்திருந்தார் என்ற வரி. அவர் அதை மறைக்கவில்லை. பேப்பர் வந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் முதலில் எழுந்த கேள்வியே, “அந்தப் பொண்ணு ஏன் குடிச்சுது?” என்பதுதான். படித்தவர்கள், பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள் கேட்டார்கள். அதே ஆட்கள் தெருவில் ஒருவன் குடித்துவிட்டு மனைவியை அடித்தால், “போதையில பண்ணிட்டான், காலைல தெளிஞ்சா சரியாயிடுவான்” என்று சமாதானம் பேசுவார்கள். ஆணுக்குப் போதை சாக்கு, பெண்ணுக்குப் போதை குற்றம்.

சட்டம் இதற்கு நேர்மாறாக எழுதப்பட்டிருக்கிறது. தானாகக் குடித்தவனுக்குப் போதை தப்பிக்கும் வழியாகாது. போதையால் நடப்பது இன்னதென்று புரியாத நிலையில் இருக்கும் பெண் தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது இது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெண் புகார் கொடுக்க வாயைத் திறக்கும்போது, ‘நான் குடித்திருந்தேன்’ என்று தன் மீதான ஒழுங்கு மீறலையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கேடட்டாக இருந்தால் ரெலிகேஷன், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்? கெட்ட எண்ணம் உள்ள சீனியருக்கும் இந்தக் கணக்கு தெரியும். தானே ஊற்றிக் கொடுத்துவிட்டு, “சொன்னா நீயும்தான் மாட்டுவ” என்று சொல்லிவிட்டால் போதும். குடியைத் தடுக்கப் போட்ட விதி அவன் கைக்கு ஆயுதமாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2011-ல் இது வெளிப்படையாகவே வெடித்தது. கான்பெராவில் உள்ள ராணுவ அகாடமியில் ஒரு மாணவிக்குத் தெரியாமல் அவருடைய அந்தரங்கத்தை ஸ்கைப்பில் சக மாணவர்களுக்கு ஒளிபரப்பினார்கள். அந்த விவகாரம் நாடு முழுக்கப் பற்றி எரிந்துகொண்டிருந்த அதே நாட்களில், மது அருந்தியது, அனுமதியில்லாமல் வெளியே போனது என்று அந்தப் பெண் மீது முன்பே இருந்த ஒழுங்கு நடவடிக்கையை அகாடமி நடத்தி முடித்தது. பாதுகாப்பு அமைச்சர் ஸ்டீபன் ஸ்மித் கொதித்துப் போனார். பதவியிலிருந்து ஒதுங்கியிருந்த கமாண்டன்ட், பின்னால் நடந்த விசாரணைக்குப் பிறகு மறுபடி பதவிக்கு வந்துவிட்டார். விதிப்படி சரியாகக்கூட இருந்திருக்கலாம். அந்த வாரம் அந்தப் பெண் எந்த முகத்தோடு வரிசையில் போய் நின்றிருப்பாள் என்பதை விதி கேட்பதில்லை. இந்தக் கலவரத்துக்குப் பிறகு எலிசபெத் பிராடரிக் தலைமையில் படைகளில் பெண்களை நடத்தும் விதம் முழுவதும் ஆராயப்பட்டது. 2013-லிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனி அலுவலகமே இயங்குகிறது.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கேயும் குறை இல்லாமல் இல்லை: கடலோரக் காவல்படை அகாடமியில் நடந்த பழைய பாலியல் கொடுமைகளைப் பற்றி உள்ளுக்குள்ளேயே விசாரித்து, அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது 2023-ல் வெளியே வந்து நாறியது. ஆனால் அதற்கு முன்பே, 2021-ல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுப்பவர் அந்த நேரத்தில் குடிக்கச் சட்டம் அனுமதிக்கும் வயது வராமலே குடித்திருந்தாலோ, நேரம் கடந்து வெளியே இருந்தாலோ, அந்தச் சின்ன மீறலுக்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அகாடமி மாணவர்களுக்கும் இது பொருந்தும். குற்றவாளிக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. புகார் கொடுப்பவரின் தொண்டையிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும், “அப்போ குடிச்சிட்டு மாட்டினா எல்லாரும் இப்படி ஒரு புகார் கொடுத்துத் தப்பிச்சிடுவாங்களே” என்பவர்கள் உண்டு. நம் நாட்டுச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. போதைப் பொருள் சட்டம் 1985-ல் வந்தது, கடுமையானது. அதிலேயே 64ஏ என்று ஒரு பிரிவு: போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு. மறைத்து வைத்து அழிவதைவிட வெளியே வந்து பிழைக்கட்டும் என்று கஞ்சாவுக்கே கதவு வைத்த நாடு இது. எங்கள் ஊர்க் கல்லூரிகளுக்கு வெளியே பெட்டிக்கடையில் கூல் லிப், ஹான்ஸ், அதற்கும் மேலே வலி மாத்திரை என்று பிள்ளைகள் மாட்டிக்கொள்வதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை வகுப்பில் எழுதிப்போடும்போது, ‘போன் பண்ணா போலீஸ் வருமா மேடம்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வராது என்று நம்பினால்தான் பிள்ளை போனைத் தொடும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ல் வந்த சட்டம் அரசு நிறுவனங்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், தலைமை ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். கல்லூரி மாணவிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் இருக்கின்றன. இவை நல்ல விதிகள். ஆனால், புகார் கொடுக்கும் பெண் குடித்திருந்தால் அதற்காக அவளைத் தண்டிக்காதே என்று 2013 சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியை நம் அகாடமிகளின் நிலையாணைகளில் அச்சடித்து, சேரும் நாளன்றே ஒவ்வொரு கேடட் கையிலும் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஒரு கமாண்டன்ட் மனது வைத்தால் போதும்.

இன்னொன்று, பெற்றோர் அதிகம் யோசிக்காதது. கடக்வாஸ்லாவுக்குப் பதினாறரை வயதிலேயே போகலாம். அந்தப் பிள்ளை, ஆணோ பெண்ணோ, சட்டத்தின் கண்ணில் குழந்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அங்கே பொருந்தும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பவருக்கும் தண்டனை உண்டு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. முகாம் என்று சொல்லி நடத்தப்பட்ட ஒன்றில் மாணவிகளுக்கு நடந்த கொடுமை நினைவிருக்கும். அது என்.சி.சி. நடத்திய முகாமே இல்லை. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். அதற்குப் பிறகு என்னிடம் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மாக்களிடம் நான் சொல்வது: எந்தப் பட்டாலியன், முகாம் உத்தரவுக் கடிதம் எங்கே, இரவில் கூடத் தங்கும் பெண் அதிகாரி யார் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் ஆசிரியரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

ஒரத்தநாட்டுக்காரரிடம் இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்போ எம்பொண்ணு குடிக்க மாட்டான்னு நம்பறத விட, குடிச்சிருந்தாலும் எங்கிட்ட சொல்லுவாளாங்கறதுதான் முக்கியமா டீச்சர்?” என்றார். ஆமாம் என்றேன்.

எஸ்.எஸ்.பி.க்குப் போகும் பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை உட்கார வைத்து, இப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது என்று பேசுவேன். “நான் குடிச்சிருந்தா என்ன மேடம் பண்றது?” என்று எப்போதாவது ஒருத்தி, தோழிக்காகக் கேட்பதுபோலக் கேட்பாள். குடித்ததை மறைக்காதே என்பேன். பின்னால் குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால், நீ சொன்ன உண்மையையும் சேர்த்துப் பொய் என்பார்கள். எவ்வளவு, எங்கே, யார் கொடுத்தது என்று நீயே முதலில் சொல். குளிக்காதே, துணியைத் துவைக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. அரசு ஆஸ்பத்திரி, தனியார் எதுவானாலும் இலவசமாகப் பார்த்தாக வேண்டும். எந்த ஊர் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லையில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.