கருப்புக் கம்பி எல்லாம் 'எர்த்' ஆகுமா?

காரில் பாட்டுப் பெட்டி மாட்டுகிறவர்கள் கவனிக்க!

ராஜபாளையத்துக்கு மேற்கே மலை அடிவாரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. பக்கத்தில் அருவியும் உண்டு. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகக் காரில் வருவார்கள். சாமி கும்பிடுவார்கள். குளிப்பார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

மாலையில் ஊர் திரும்பச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கார் கிளம்பவில்லை!

பெட்ரோல் இருக்கிறது. என்ஜினிலும் கோளாறு இல்லை. பாட்டரி இறங்கிப் போய்விட்டது. புதிதாக மாட்டிய பாட்டுப் பெட்டி அதைக் குடித்து விட்டது!

சுற்றிலும் காடு. கையில் குழந்தைகள். பொழுதோ சாய்கிறது. ஒரே ஒரு கம்பியை மாற்றி இணைத்தாலும் இந்தக் கதி வரும்.

மஞ்சளும் சிவப்பும்

கடையில் வாங்கும் பெட்டியின் பின்னால் கம்பிகள் கற்றையாகத் தொங்கும். அவற்றின் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மஞ்சள் கம்பிக்கு இரவும் பகலும் மின்சாரம் வரவேண்டும். கடிகாரமும், பிடித்து வைத்த ரேடியோ நிலையங்களும் மறக்காமல் இருப்பது அதனால்தான். சிவப்புக் கம்பிக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரவேண்டும். கருப்பு, 'எர்த்'.

சிவப்பையும் எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியில் சேர்த்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் பெட்டி தூங்காது. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் வேறு கூத்து. சாவியை எடுக்கும்போதெல்லாம் பெட்டி கடிகாரத்தை மறந்துவிடும்!

தேசத்துக்கு ஒரு நிறம்

இதெல்லாம் பெட்டியின் நிறக் கணக்கு. காரின் கம்பிகள் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல.

பழைய இங்கிலாந்து முறையில், பாட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொண்டுவருவது பழுப்புக் கம்பி. கருப்பு, எர்த். ஜெர்மன் முறையில் பழுப்புத்தான் எர்த்! கருப்புக் கம்பியில், சாவி திருப்பினால் மின்சாரம் பாயும். ஒரு முறையைப் பழகியவர் இன்னொரு முறைக் காரில் கண்ணை நம்பிக் கைவைத்தால் என்ன ஆகும்? பியூஸ் போனால் அதிர்ஷ்டம். பியூஸ் இல்லாத இடத்தில் கம்பியே பழுத்துத் தீப்பிடிக்கும்.

1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல ஆங்கிலக் கார்களில் இன்னொரு விசித்திரம். பாட்டரியின் 'பிளஸ்' முனையைத்தான் காரின் உடம்போடு இணைத்திருப்பார்கள். அதில் இன்றையப் பெட்டியை அப்படியே மாட்டினால் பெட்டி புகைந்துவிடும்.

மீட்டரைக் கேளுங்கள்

முதலில் பாட்டரியின் 'மைனஸ்' முனையைக் கழற்ற வேண்டும். பழைய பெட்டியை எடுத்து, ஒவ்வொரு கம்பியின் நுனியையும் தனித்தனியே டேப் சுற்ற வேண்டும். பிறகு பாட்டரியை இணைத்து, டிஜிட்டல் மீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். பல்பு வைத்த டெஸ்டர் பழைய கார்களுக்குச் சரி. கம்ப்யூட்டர் உள்ள கார்களில் அது இழுக்கும் மின்சாரமே கெடுதல் செய்யக்கூடும்.

சாவி கையில் இருக்கும்போதே 12 வோல்ட் காட்டும் கம்பி, மஞ்சளுக்கு ஜோடி. சாவியைத் திருப்பினால் மட்டும் 12 காட்டுவது சிவப்புக்கு. சிறு விளக்கைப் போட்டதும் உயிர் பெறும் கம்பியும் ஒன்று இருக்கும். அது பெட்டியின் முகப்பு விளக்குக்கு. அதைச் சிவப்புக்கு ஜோடி என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் உறை போட்ட கம்பிகளும் மஞ்சள் பிளக்கும் தெரிந்தால் மீட்டரையும் அருகில் கொண்டுபோகக் கூடாது. அவை ஏர்பேக் கம்பிகள். பை வெடித்து விரிந்தால் ஆளுக்கே ஆபத்து.

ஸ்பீக்கர் கம்பிக்கு எளிய வழி இருக்கிறது. பெட்டியில் சேர்க்காத நிலையில், 1.5 வோல்ட் பேனா பாட்டரியைக் கம்பி ஜோடியில் ஒரு நொடி தொடுங்கள். எந்த ஸ்பீக்கர் 'டப்' என்கிறதோ, அதன் கம்பி அது. காகிதக் கூம்பு வெளியே தள்ளினால், பாட்டரியின் பிளஸ் தொட்ட கம்பிதான் பிளஸ். இன்றையப் பெட்டிகளில் ஸ்பீக்கரின் மைனஸ் கம்பியைக் காரின் உடம்போடு சேர்க்கவே கூடாது. பெட்டி பாழாகும்.

மைனஸ் முனையை மறுபடி கழற்றிவிட்டுத்தான் கம்பிகளை இணைக்க வேண்டும். எர்த் கம்பியைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்க வேண்டும்.

கம்பி சரியாக இருந்தாலும் கணக்கு உண்டு. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான். என்ஜினை நிறுத்திவிட்டு, 5 ஆம்பியர் இழுக்கும்படி நான்கு மணி நேரம் பாட்டுப் போட்டால் 20 போய்விடும். பாதிக்கு மேல்! அருவிச் சத்தம் கேட்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்?

வேலை முடிந்ததும் கடைசிச் சோதனை. சாவியை எடுத்துக் கதவுகளைச் சாத்திச் சுமார் அரை மணி நேரம் பொறுங்கள். பாட்டரியின் மைனஸ் முனைக்கும் அதன் கம்பிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். 0.05-க்குள் நின்றால் பெட்டி தூங்குகிறது. மீட்டர் அங்கே இருக்கும்போது யாரும் என்ஜினைக் கிளப்பிவிடாமல், சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.