ஒரு யானை... நான்கு பாடங்கள்! - ஒத்தக்கடை யானைமலை சொல்லும் உருவக் கதை

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும். ஒத்தக்கடை நெருங்கும்போதே 'யானை' தெரிந்துவிடும். தும்பிக்கையை முன்னால் நீட்டி, சமவெளியில் அசதியாகப் படுத்திருக்கும் கல் யானை!

சமணர்கள் ஏவிவிட்ட யானையைச் சொக்கநாதர் அம்பெய்து கல்லாக்கினார் என்கிறது திருவிளையாடல் கதை. நாகமலைக்கும் பசுமலைக்கும்கூட இதேபோல் கதைகள் உண்டு. ஓர் உருவத்தைப் பார்த்ததும் 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்பது மனித இயல்பு. அந்தக் கேள்வியே ஒரு படிப்பாக வளர்ந்ததுதான் 'மார்ஃபாலஜி'. 'மார்ஃபே' என்றால் கிரேக்க மொழியில் உருவம். ஜெர்மானியக் கவிஞர் கெத்தே, செடி கொடிகளின் வடிவத்தை ஆராய 18-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல்லைக் கையாண்டார். 1859-ல் ஷ்லைகர் என்ற அறிஞர் அதை மொழி ஆய்வுக்குள் கொண்டுவந்தார்.

இன்று தாவரவியலில் 'புறத்தோற்றவியல்', நில ஆய்வில் 'புவிப்புறவியல்', மொழியியலில் 'உருபனியல்' எனத் துறைக்கு ஒரு பெயர். இவை எல்லாவற்றுக்கும் யானைமலையிலேயே பாடம் இருக்கிறது.

கல்லின் உருவம்

இந்த மலை தரையிலிருந்து முளைத்தது அல்ல. சுற்றியிருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையாலும் வெயிலாலும் கரைந்து தாழ்ந்துபோக, கரையாத கடினப் பாறை மட்டும் எஞ்சி நிற்கிறது. மேலே அழுத்திக்கொண்டிருந்த மண்ணும் கல்லும் நீங்கியதும் பாறை மெல்ல விரிகிறது. அப்போது வெங்காயத் தோல்போல வளைந்த ஏடுகளாக வெடித்து உரிகிறது. யானையின் முதுகு இவ்வளவு வழவழப்பாக வளைந்திருக்கும் ரகசியம் இதுதான்.

கள்ளியின் உருவம்

மதுரைப் பக்கத்துப் பாறைக் காடுகளில் சதுரக்கள்ளியும் உண்டு, சப்பாத்திக்கள்ளியும் உண்டு. இரண்டும் சதைப்பற்றோடு, முள்ளோடு இருப்பதால் அண்ணன் தம்பி என்றே நினைப்போம். ஆனால், சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் வடியாது. முதலாவது ஆமணக்கின் குடும்பம். இரண்டாவது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பம். தண்ணீர்ப் பஞ்சம் இரண்டையும் ஒரே மாதிரி வார்த்துவிட்டது. சப்பாத்திக்கள்ளியில் நாம் 'இலை' என்று நினைப்பது உண்மையில் தண்டு. முள்தான் உருமாறிய இலை!

எழுத்தின் உருவம்

மலையிலுள்ள குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே சுமார் 2,000 ஆண்டுப் பழைமையான தமிழ் பிராமி கல்வெட்டு ஒன்றும் உள்ளது. அந்த எழுத்தில் 'க' என்பது கூட்டல் குறிபோல இருக்கும். பெரும்பாலும் நேர்க்கோடுகள்தான். அதே மலையின் அடிவாரத்தில் இருக்கிறது நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி.770-ல் எடுப்பித்தது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு வட்டெழுத்தில் இருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி எல்லாம் வளைவுகள். தேதி குறிப்பிடாத கல்வெட்டின் காலத்தையும் எழுத்தின் வளைவு நெளிவை வைத்தே அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

சொல்லின் உருவம்

அந்த பிராமி கல்வெட்டு இந்த மலையை 'இவகுன்றம்' என்று குறிக்கிறது. 'இபம்' என்றால் வடமொழியில் யானை. அதுதான் 'இவம்' ஆனது. ஆக, 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே தங்கியிருந்தவர்களின் கண்ணுக்கும் இது யானையாகத்தான் தெரிந்திருக்கிறது!

இன்னொரு வியப்பும் உண்டு. கல்வெட்டில் வரும் அந்தச் சொல்லை 'குன்றத்து' என்று படிக்கலாம். குன்றம் என்ற சொல்லோடு 'அத்து' என்ற சாரியை சேர்ந்திருக்கிறது. இன்றும் மரத்தடி, குளத்துக்கரை, பணத்தை என்று அதே அச்சில்தான் நாம் பேசுகிறோம். சொற்கள் இப்படி உருபு ஏற்கும் முறைக்கென்றே தொல்காப்பியத்தில் 'உருபியல்' என்று தனி இயல் இருக்கிறது.

உடைந்தால் ஒட்டாது

இலை உதிர்ந்தால் துளிர்க்கும். எழுத்து மாறினாலும் மொழி வாழும். மலைக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக வெட்டப்பட்ட குன்றுகள் இன்று தண்ணீர் தேங்கும் பள்ளங்கள். பாறைமேல் விழும் மழை எந்தப் பக்கம் சரிய வேண்டும், எந்தக் கண்மாய்க்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே குன்றின் வடிவம்தான். வடிவம் போனால் நீர்வழியும் போகும்.

யானைமலையைச் சிற்ப நகரமாகச் செதுக்கும் திட்டம் 2010-வாக்கில் பேசப்பட்டபோது, சுற்றுக் கிராமத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். திட்டம் நிறைவேறவில்லை. இதே மேலூர் சாலைப் பக்கமுள்ள அரிட்டாபட்டி, 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலமும் மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் ரத்தானது.

அடுத்த முறை மேலூர் பஸ்ஸில் போகும்போது, பிள்ளைகளுக்கு அந்த யானையைக் காட்டுங்கள். 'ஏன் யானை மாதிரி இருக்கு?' என்று கேட்பார்கள். முதலில் திருவிளையாடல் கதையைச் சொல்லுங்கள். பிறகு, வெங்காயத் தோல் கதையையும் சொல்லுங்கள். இரண்டுமே நம் ஊர்க் கதைதான்!