கையெழுத்து சரி, கடிதம் சரிதானா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர்களுக்குப் பொழுது விடிவதே மெயிலில்தான். சாம்பிள் ஒப்புதல், இன்வாய்ஸ், பேமென்ட் எல்லாம் அதன் வழியேதான். கோவை பம்ப்செட்காரர்களுக்கும் கரூர் ஜவுளிக்காரர்களுக்கும் அப்படியே. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று கம்பெனி பெயரில் வெளிநாட்டு பையருக்கு ஒரு போலி மெயில் போனால் போதும். கப்பலேறிய சரக்குக்கான பணம் வேறு யார் கணக்கிலோ விழுந்துவிடும்.

இந்த ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்தவற்றில் ஒன்று டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையெழுத்து. அனுப்பும் சர்வர் ரகசியச் சாவியால் கையெழுத்திடும். பெறும் சர்வர், அனுப்பியவரின் டொமைன் பதிவிலிருக்கும் பொதுச் சாவியை எடுத்துச் சரிபார்க்கும். 2007-ல் தரநிலையாகி, 2011-ல் திருத்தப்பட்டது.

ஆனால் கையெழுத்து சரியாக இருந்தாலே மெயில் சரி என்று ஆகிவிடாது. ஒரு மெயிலில் அனுப்புநரைக் காட்டும் ‘ஃப்ரம்’ வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது மெயிலின் வடிவ விதி. மோசடிக்காரன் தன் சொந்த டொமைனில் முறையாகக் கையெழுத்திட்ட மெயிலை எடுத்து, அதன் தலைமாட்டில் உங்கள் கம்பெனி முகவரியோடு இன்னொரு ‘ஃப்ரம்’ வரியைச் செருகுகிறான் என்று வையுங்கள். ஒரே பெயரில் பல வரிகள் இருந்தால் டிகேஐஎம் கீழிருந்துதான் எண்ணும். அடியிலிருக்கும் பழைய வரியோடு கணக்கு ஒத்துப்போக, கையெழுத்து தேறிவிடும். மெயில் செயலி மேல்வரியைக் காட்டினால், பையர் கண்ணில் படுவது உங்கள் பெயர்!

கையெழுத்தைப் பார்ப்பவர், வடிவத்தை வேறு யாரோ பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவதுதான் இங்கே ஆபத்து. 2011 தரநிலையே இதை எச்சரிக்கிறது. கையெழுத்தில் சேரும் வரிகளின் பட்டியலில் ‘ஃப்ரம்’ என்பதை இரண்டு முறை குறிப்பிட்டால், பின்னால் ஒன்றைச் செருகியதும் கையெழுத்து முறிந்துவிடும். வடிவம் பிசகிய மெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்புவது பெறுபவரின் பொறுப்பு; அதுதான் முதல் காவல் என்பேன்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சரிபார்ப்புகளையும் கேட்கிறது. வடிவ விதியோ ஒரே ஒரு மெயில் அனுப்புபவருக்கும் உண்டு. இந்த மூன்றும் உங்கள் டொமைனில் இருக்கின்றனவா என்று மெயில் சர்வீஸ் தருபவரிடம் இன்றே கேளுங்கள்.

ஓர் எழுத்து மட்டும் மாற்றிய போலி டொமைனை எந்தக் கையெழுத்தும் பிடிக்காது. அதற்கென்று செல்லுபடியாகும் கையெழுத்தே இருக்கும். ஆகவே கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், ஏற்கெனவே கைவசமுள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுவிடச் சொல்லி பையர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். உங்கள் பணமே போய்விட்டால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள்.