எழுத்து போட்டாச்சா?



சினிமாவுக்குக் கிளம்பும்போது உங்கள் தாத்தா என்ன சொல்வார்? "வெரசா நடங்கடா, எழுத்து போடறதுக்குள்ள போயிடணும்!" என்பார். படத்தின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் வரும் 'டைட்டில்' பகுதியைத்தான் அந்தக் காலத்தில் 'எழுத்து போடறது' என்பார்கள். வெறும் பெயர்களைப் பார்க்கவா இத்தனை அவசரம்?

ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலை ராஜகோபுரம் தூரத்தில் தெரிந்ததுமே நம் மனம் கோயிலுக்குள் நுழைந்து விடுகிறது அல்லவா? நல்ல டைட்டிலும் ஒரு கோபுரம்தான்! வெளியே இருக்கும் மனதைக் கதைக்குள் அழைத்துப் போகிறது.

எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோ படங்களின் தொடக்கத்தில் இரட்டைச் சிறுவர்கள் நின்று குழல் ஊதுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், "ஓ, ஜெமினி படம்!" என்று புரிந்துவிடும். ஒரே படம், ஓராயிரம் சொல்!

1992-ல் வெளிவந்த 'அண்ணாமலை'யில் சுரேஷ் கிருஷ்ணா என்ன செய்தார் தெரியுமா? ரஜினிகாந்தின் பட்டத்தைச் சட்டென்று காட்டவில்லை. கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக, ஒவ்வோர் எழுத்தாக வரவழைத்தார். கூடவே தேவாவின் இசை. அடுத்த எழுத்து என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காத்திருந்தார்கள், கடைசி எழுத்து வந்ததும் தியேட்டரே அதிர்ந்தது. காக்க வைப்பதில்தான் சூட்சுமம்!

அமெரிக்காவில் சால் பாஸ் என்ற ஓவியர் இருந்தார். 1955-ல், போதைப் பழக்கத்தில் சிக்கிய ஒருவனின் கதைக்கு டைட்டில் அமைத்தார். நடிகர் முகம் எதையும் காட்டவில்லை. கறுப்புத் திரையில் சில வெள்ளைக் கோடுகள். முடிவில் அவை கோணல்மாணலான ஒரு கையாக மாறும். அவ்வளவுதான்! அவன் படும் வேதனை முழுவதும் அந்தக் கையில் தெரிந்தது. அப்போதெல்லாம் எழுத்து ஓடி முடிந்த பிறகே திரைச்சீலையை விலக்கும் தியேட்டர்கள் இருந்தன. அதனால், 'எழுத்துக்கு முன்பே திரைச்சீலையைத் திறந்துவிடவும்' என்று படப்பெட்டியில் சீட்டு வைத்து அனுப்பினார்களாம்!

நீங்களும் முயன்று பாருங்கள். நம் மலையில் வாழும் சாம்பல் நிற அணிலைப் பற்றிப் படம் எடுக்கிறீர்கள். இந்த அணிலுக்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் அமைந்தது. எடுத்த எடுப்பில் அணிலைக் காட்டினால் சுவாரஸ்யம் போய்விடும். முதலில் ஒரு கிளை அசையட்டும். பாதி கடித்த பழம் 'தொப்'பென்று விழட்டும். அடர்ந்த வால் மட்டும் இலைக்குள் மறையட்டும். இப்போது படத்தின் பெயரைப் போடுங்கள். யாராவது எழுந்து போவார்களா?

இன்னொரு செய்தி. பழைய படங்களில் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் முதல் ஒப்பனையாளர் வரை எல்லோர் பெயரும் முதலிலேயே வரும். இப்போது பலருடைய பெயர்கள் படம் முடிந்த பின்புதான் ஓடுகின்றன. அப்போது நாம் செருப்பைத் தேடிக் கொண்டிருப்போம்! வீட்டில் செல்போனில் பார்த்தாலோ, எழுத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வேறு இருக்கிறது. மாதக்கணக்கில் உழைத்தவருக்குத் திரையில் கிடைப்பது சில விநாடிகள்தான். அதையும் நாம் பறிக்கலாமா?

அடுத்த முறை படம் பார்க்கும்போது, திரையில் முகம் காட்டாத ஒருவரின் பெயரையாவது வாசித்து நினைவில் வையுங்கள். மறுநாள் வகுப்பில் நண்பனிடம் கேளுங்கள்: "அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு யார், சொல்லு பார்ப்போம்?"