வடத்தின் இழுவிசைக் கணக்கீடு

சுமையைத் தாங்கும் கயிறு, கம்பிவடம் அல்லது சங்கிலியின் நெடுகிலும் செயல்படும் இழுக்கும் விசை இழுவிசை எனப்படும். இதன் அலகு நியூட்டன். வடம் தள்ளாது, இழுக்க மட்டுமே செய்யும். ஆகவே இழுவிசை எப்போதும் வடத்தின் திசையிலேயே அமையும். கீழ்க்காணும் கணக்குகளில் வடத்தின் சொந்த எடையும் நீட்சியும் புறக்கணிக்கப்படுகின்றன.

ஒற்றை வடம்

அசையாமல் தொங்கும் சுமையில் இழுவிசை அதன் எடைக்குச் சமம். 100 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை 100 × 9.8 = 980 நியூட்டன். அதனை நொடிக்கு நொடி 2 மீட்டர் வீதம் கூடும் வேகத்தில் மேலே தூக்கினால், இழுவிசை 100 × (9.8 + 2) = 1180 நியூட்டனாக உயரும். மாறாத வேகத்தில் தூக்கும்போது அது மீண்டும் 980 நியூட்டனே.

சமகோணத்தில் இரு வடங்கள்

இரு வடங்கள் தாங்கினால் ஒவ்வொன்றும் பாதி எடையையே தாங்கும் என்று எண்ணுவது பொதுவான தவறு. வடங்கள் செங்குத்தாக இருந்தால் மட்டுமே அது சரி. சாய்ந்த வடத்தின் இழுவிசையில் மேல்நோக்கிய கூறு மட்டுமே எடையைத் தாங்குகிறது. கிடைக்கூறுகள் ஒன்றையொன்று சமன்செய்து கொள்கின்றன. எனவே,

இழுவிசை = எடை ÷ (2 × சைன் கோணம்)

இங்குக் கோணம் கிடைமட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. செங்குத்திலிருந்து அளந்தால் சைனுக்குப் பதில் கொசைனைப் பயன்படுத்த வேண்டும். 980 நியூட்டன் எடைக்கு ஒவ்வொரு வடத்தின் இழுவிசை:

- 90 பாகை: 490 நியூட்டன்
- 60 பாகை: 566 நியூட்டன்
- 45 பாகை: 693 நியூட்டன்
- 30 பாகை: 980 நியூட்டன்
- 15 பாகை: 1893 நியூட்டன்
- 5 பாகை: 5622 நியூட்டன்

30 பாகையில் ஒவ்வொரு வடமும் முழு எடைக்குச் சமமான இழுவிசையைப் பெறுகிறது. அதற்குக் கீழே இழுவிசை வெகுவேகமாகக் கூடுகிறது. முற்றிலும் கிடையான வடத்திற்கு மேல்நோக்கிய கூறே இல்லை. ஆகவே எவ்வளவு இறுக்கினாலும் அது சிறிதளவாவது தொய்ந்தே சுமையைத் தாங்கும். விறைப்பாகக் கட்டிய கொடியில் ஈரத்துணியைப் போட்டதும் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான்.

சமமற்ற கோணங்கள்

அதே சுமையை ஒரு வடம் 30 பாகையிலும் மற்றொன்று 60 பாகையிலும் தாங்குவதாகக் கொள்வோம். இருபுறக் கிடைக்கூறுகளும் சமம் என்பதால், இரண்டாம் வடத்தின் இழுவிசை முதலாவதைப் போல் 1.732 மடங்கு. செங்குத்துக் கூறுகளின் கூடுதல் 980 நியூட்டன் என்பதிலிருந்து, முதல் வடத்திற்கு 490 நியூட்டனும் இரண்டாவதற்கு 849 நியூட்டனும் கிடைக்கின்றன. செங்குத்துக்கு அருகில் உள்ள வடமே கூடுதல் இழுவிசையைப் பெறுகிறது. பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர் பெர்னார்டு லாமியின் (1640–1715) பெயரால் வழங்கும் லாமியின் தேற்றத்தாலும் இதே விடையைப் பெறலாம்.

நடைமுறைப் பயன்

பாரந்தூக்கியில் பொருளைக் கட்டும்போது வடம் நீளம் குறைவாக இருந்தால் கோணம் சிறுத்து, இழுவிசை பெருகும். அறுந்தால் கீழே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. எனவே 30 பாகைக்குக் குறைந்த கோணம் தவிர்க்கப்படுகிறது; நீளமான வடத்தால் கட்டினால் கோணம் பெரிதாகும். மேலும், கம்பிவடம் அறுபடும் விசையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றாதிருப்பது பரவலான வழக்கம். அந்த வரம்புடன் ஒப்பிட வேண்டியது பொருளின் எடையை அன்று; கோணத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட இழுவிசையையே.