ஆங்கிலத்தில் வாய்ப்பையும் ஊகத்தையும் உணர்த்தும் சொற்கள்

ஆங்கில மொழியில் ஒரு செய்தியை உறுதியாகக் கூற இயலாதபோது, அது நிகழ வாய்ப்புண்டு என்றோ, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்றோ தெரிவிக்க மே, மைட், குட், மஸ்ட், கான்ட் ஆகிய துணைவினைகள் பயன்படுகின்றன. பெர்ஹாப்ஸ், ப்ராபப்ளி போன்ற வினையடைகளும் இப்பணியைச் செய்கின்றன. இவை நிகழ்ச்சியின் தன்மையைவிட, அது குறித்துப் பேசுபவருக்கு உள்ள உறுதியின் அளவையே காட்டுகின்றன.

உறுதியின் அளவு

ஒரு வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு, அவ்வீட்டுக்காரரைப் பற்றி ஊகிப்பதாகக் கொண்டால், இச்சொற்களின் வேறுபாட்டைப் பின்வருமாறு காட்டலாம்:

- மஸ்ட்: "வீட்டில்தான் இருக்க வேண்டும்" (சான்றிலிருந்து பெற்ற வலுவான முடிவு)
- மே: "வீட்டில் இருக்கலாம்"
- மைட், குட்: "வீட்டில் இருக்கவும் கூடும்" (மே என்பதைவிடச் சற்றுத் தயக்கமானவை, பேச்சில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிடுகிறது)
- கான்ட்: "வீட்டில் இருக்க முடியாது"

தமிழின் "வரலாம்" அனுமதியையும் வாய்ப்பையும் குறிப்பது போலவே மே என்பதும் இரண்டையும் குறிக்கும். "இருக்க வேண்டும்" கட்டாயத்தையும் ஊகத்தையும் குறிப்பது போன்றதே மஸ்ட்.

எதிர்மறை

எதிர்மறையில் இச்சொற்களின் பொருள் வெவ்வேறு திசையில் செல்கிறது. மஸ்ட் நாட் என்பது பெரும்பாலும் "செய்யக்கூடாது" என்னும் தடையாகும். எனவே மஸ்ட் தரும் ஊகத்தின் எதிர்மறைக்குப் பொதுவாகக் கான்ட் வழங்குகிறது. மைட் நாட் என்றால் "இல்லாமலும் இருக்கலாம்". குட் நாட் என்றால் "இருக்கவே முடியாது". ஒரு நோயாளியின் தோல் தடிப்புக்கு மருந்து காரணமாக இல்லாமலும் இருக்கலாம் என்று எழுத நினைப்பவர் குட் நாட் என எழுதினால், மருந்து காரணமே அன்று எனக் கூறியவராவார்.

இறந்தகாலம்

கடந்த நிகழ்வுகளைக் குறிக்க இத்துணைவினைகளுடன் ஹேவ் சேர்கிறது. விபத்தில் சிக்கியவர் பற்றி மே ஹேவ் எனக் கூறினால், அவர் பிழைத்தாரா என்பது இன்னும் தெரியவில்லை என்பது பொருள். மைட் ஹேவ் அப்பொருளைத் தருவதோடு, "உதவி கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும், ஆனால் பிழைக்கவில்லை" என்ற பொருளையும் தரும். எப்பொருள் என்பதைச் சூழலே முடிவு செய்யும்.

சொற்களும் எண்களும்

ஒரே சொல்லைப் பலர் பலவாறு புரிந்துகொள்வது அரசு அறிக்கைகளில் சிக்கலை உண்டாக்கியுள்ளது. 1951 ஆம் ஆண்டு யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நிகழ "சீரியஸ் பாசிபிலிட்டி" (கருதத்தக்க வாய்ப்பு) உண்டு என அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று குறிப்பிட்டது. அதன் உருவாக்கத்தில் பங்கேற்ற சிஐஏ ஆய்வாளர் ஷெர்மன் கென்ட், தாக்குதலுக்கு 65 விழுக்காடு வாய்ப்புள்ளதாகக் கருதினார். அவருடன் பணியாற்றியோரின் மதிப்புகளோ 20 முதல் 80 விழுக்காடு வரை வேறுபட்டன. இச்சிக்கல் குறித்து 1964 இல் அவர் எழுதிய கட்டுரை, இத்தகைய சொற்களை எண்களுடன் இணைக்க முயன்றது.

காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான ஐபிசிசியும் இம்முறையைக் கையாள்கிறது. அதன் 2013, 2021 ஆம் ஆண்டு அறிக்கைகளில் லைக்லி என்பது 66 முதல் 100 விழுக்காடு வாய்ப்பையும், வெரி லைக்லி என்பது 90 முதல் 100 விழுக்காடு வாய்ப்பையும் குறிக்கும். எனவே அவ்வறிக்கைகளை மொழிபெயர்ப்போர் இரண்டையும் "இருக்கலாம்" என்ற ஒரே சொல்லால் எழுதினால், மூலத்தில் உள்ள உறுதியின் அளவு மறைந்துவிடும்.