புகைச் சீட்டு சொல்லும் சேதி: பழைய காரை வீட்டிலேயே கவனிப்பது எப்படி?

"சார், இன்ஜின் போச்சு. இறக்கித்தான் பார்க்கணும். எப்படியும் இருபத்தைந்தாயிரம் ஆகும்."

2023-இல் எங்கள் வீட்டுக் காரைப் பார்த்துவிட்டு ஒரு மெக்கானிக் சொன்னது இது. 2008-இல் வாங்கிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். பதினைந்து ஆண்டுப் பதிவு முடியப் போகிற நேரம். பதிவைப் புதுப்பிக்க புகைச் சான்று வேண்டும். ஆனால் வண்டி புகைப் பரிசோதனையில் தேறவில்லை. அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது இந்தக் காரில்தான். "பேசாம வித்துடலாம்பா" என்றார் அப்பா.

விற்கவில்லை. இன்ஜினையும் இறக்கவில்லை. எங்களைக் காப்பாற்றியது அந்தப் பரிசோதனை மையத்தில் கொடுத்த சீட்டுதான். பலரும் அதில் 'பாஸா, ஃபெயிலா' என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். உண்மையில் அது உங்கள் இன்ஜினுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை மாதிரி.

சீட்டை எப்படிப் படிப்பது?

பெட்ரோல் கார் என்றால் சீட்டில் முக்கியமாக இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.), இன்னொன்று ஹைட்ரோகார்பன் (எச்.சி.). உங்கள் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அளவும், அன்று வந்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

எச்.சி. அதிகம் என்றால், பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது என்று பொருள். ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழவில்லை. இதைத்தான் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்கிறோம்.

சி.ஓ. அதிகம் என்றால், காற்றுக்குத் தேவையானதை விடப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர், பழைய வண்டியானால் கார்புரேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டீசல் காருக்குப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். அது கூடினால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு இன்ஜெக்டர்.

எங்கள் சீட்டில் சி.ஓ. வரம்புக்குள் இருந்தது. எச்.சி. மட்டும் பல மடங்கு. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குவதும் நினைவுக்கு வந்தது. மூன்று சிலிண்டரில் ஒன்று தூங்கினாலே வண்டி நன்றாக ஆடும்.

ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். எந்த வயர் எந்த ப்ளக்குக்கு என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளக் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள்.

நுனி இளம் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளுத்துப்போயிருந்தால் அதிகச் சூடு.

எங்கள் காரில் இரண்டு ப்ளக் பழுப்பு; ஒன்று கறுத்து, பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தது. உடனே கடைக்கு ஓடவில்லை. நனைந்த ப்ளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஆறவிட்டு மறுபடி கழற்றினோம். அதே ப்ளக் புது இடத்திலும் நனைந்திருந்தது. ஆக, கோளாறு சிலிண்டரில் இல்லை, ப்ளக்கில்தான். கறுப்பு பழைய இடத்திலேயே தங்கியிருந்தால் வயர், காயில், சிலிண்டர் என்று அடுத்ததைத் தேடியிருக்க வேண்டும்.

மூன்று ப்ளக்கும் ஒரு செட் வயரும் மாற்றினோம். செலவு ஆயிரத்துச் சொச்சம். இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே பரிசோதனைக்குப் போனோம். தேறிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: ப்ளக்கைத் திருப்பிப் போடும்போது முதலில் விரலாலேயே முறுக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனர் போட்டால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். பிறகு அது பெரிய செலவு.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

'இன்ஜினை இறக்கணும்' என்று யார் சொன்னாலும், "கம்ப்ரஷன் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். ப்ளக் துளையில் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது சில நிமிட வேலை. ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். இந்த எண்ணைக் காட்டாமல் இன்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-4 கார்களில் ஓ.பி.டி.-2 சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் செருகினால் கோளாறு எண் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எதை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

கண்ணும் மூக்கும் சொல்பவை

நீலப் புகை: ஆயில் எரிகிறது. கரும்புகை: பெட்ரோலோ டீசலோ அதிகம். இனிப்பு வாடையோடு விடாமல் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை: கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது. காலையில் கொஞ்ச நேரம் வரும் மெல்லிய வெண்புகை வெறும் நீராவிதான், பயப்பட வேண்டாம்.

சாவி திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால், பேட்டரி முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடையுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மல்டிமீட்டர் இருந்தால், வண்டி நின்றிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-ஐத் தாண்டவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம்

ஆயில்: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

கூலன்ட்: போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் உப்பு ரேடியேட்டரின் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட்தான் சரி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும்.

ஏர் ஃபில்டர்: தட்டினால் மண் கொட்டுகிறதா? சுத்தம் செய்யுங்கள், ரொம்பக் கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

வயர்கள்: நாலு நாள் நின்ற வண்டியில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது சட்டப்படி அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து, சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

எதில் கை வைக்கக் கூடாது?

டைமிங் பெல்ட், பிரேக், பெட்ரோல் லைன் ஆகியவை பயிற்சி உள்ளவர்களுக்கே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழை வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். கட்டி இழுத்துப் போவதுதான் லாபம்.

பதிவைப் புதுப்பிக்கும்போது

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிப்பார்கள். பதிவு முடிவதற்கு 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். பரிவாகன் இணையதளத்தில் இதற்கான வசதி உண்டு. பதிவுச் சான்று, நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றோடு, பசுமை வரியும் கட்டிய பிறகு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். புகைச் சான்று பி.எஸ்.-4-க்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம், அதன் பிறகு வந்தவற்றுக்கு ஓராண்டு செல்லும்.

கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மாதம் முன்பே ஒரு தடவை புகைப் பரிசோதனை செய்து சீட்டைக் கையில் வாங்குங்கள். கோளாறு இருந்தால் நிதானமாகக் கண்டுபிடிக்க நேரம் இருக்கும். அவசரத்தில் இருப்பவரிடம்தான் 'இன்ஜின் போச்சு' என்ற வார்த்தை எளிதில் விலைபோகும்.

எங்கள் காருக்கு 2028 வரை பதிவு கிடைத்தது. ஆயில் சீல் ஒன்று கசிந்ததை அதே மெக்கானிக்கிடம்தான் சரி செய்துகொண்டோம். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். அம்மாவின் பயணமும் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

உங்கள் காரின் கடைசிப் புகைச் சீட்டு டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் படித்துப் பாருங்களேன்.